மூடுபனிக்குள் பத்துப் பேர்

பிரிட்டனிலேயே மிக உயரமான மலை எது? ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரமாக நிற்கும் பென் நெவிஸ். உயரம் 1345 மீட்டர். "இவ்வளவுதானா!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர்; மோட்டார் வண்டியிலேயே போய் வந்துவிடலாம். அதில் பாதி உயரமே உள்ள மலையை ஏற என்ன பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கிறது?

கோடையில் ஆயிரக்கணக்கானோர் இம்மலையை ஏறி இறங்குகிறார்கள். குளிர்காலத்தில் கதையே வேறு. ஏறத்தாழ 57 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது இந்த மலை. அருகிலேயே அட்லாண்டிக் பெருங்கடல். அங்கிருந்து வரும் ஈரக்காற்றுக்கு இது ஒரு பெரிய தடுப்புச் சுவர். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏறத்தாழ 80 சதவீத நேரம் மலையுச்சி மூடுபனிக்குள் மறைந்தே கிடக்கிறது. அப்போது கண்ணை நம்பி நடக்க முடியாது. வேறு எதை நம்பி நடப்பது?

வாருங்கள், கற்பனையில் ஒருமுறை ஏறிப் பார்ப்போம். நாம் பத்துப் பேர். எட்டுப் பேர் உங்களைப் போன்ற மாணவர்கள். இருவர் குளிர்கால மலையேற்றத்தில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். மாதம் டிசம்பர். இடம், மலையடிவாரத்தில் உள்ள ஃபோர்ட் வில்லியம் என்ற சிற்றூர்.

முதல் நாள் இரவுக் கணக்கு

மலையேற்றம் காலையில் தொடங்குவதாக நினைக்கிறீர்களா? இல்லை. முதல் நாள் இரவு, மேசை மேல் வரைபடத்தை விரித்துவைத்துக் கணக்குப் போடும்போதே தொடங்கிவிடுகிறது.

1892ஆம் ஆண்டில் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஓர் எளிய விதியைச் சொன்னார். மூன்று மைல் நடக்க ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்த விதி வழக்கொழியவில்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் பாதை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அதற்கு 1 மணி 36 நிமிடம். ஏற்றம் ஏறத்தாழ 1340 மீட்டர். அதற்கு 2 மணி 14 நிமிடம். மொத்தம் 3 மணி 50 நிமிடம். ஆனால் இது நல்ல பாதையில், நல்ல வானிலையில், ஓய்வெடுக்காமல் நடப்பவருக்கான கணக்கு. வெண்பனியில் கால் புதையும். முதுகில் சுமை இருக்கும். பத்துப் பேர் நடக்கும்போது, குழுவின் வேகம் என்பது மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான். சராசரி எடுத்துப் பயனில்லை. ஆகவே ஏற்றத்துக்கு ஐந்தரை மணி நேரமும், இறக்கத்துக்கு மூன்று மணி நேரமும் என்று வைத்துக்கொள்வோம்.

இனி, வெளிச்சம் எவ்வளவு நேரம் கிடைக்கும்? டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் காலை ஒன்பது மணியளவில் எழுந்து மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. ஏழு மணி நேரம்கூட வெளிச்சமில்லை. நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 10 பாகைதான் எழும்பியிருக்கும். நமக்குத் தேவையோ எட்டரை மணி நேரம்!

எனவே காலை 7 மணிக்கே, இருட்டில், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் நண்பகல் 12.30க்குத் திரும்பிவிட வேண்டும். அந்த 12.30 என்ற எண்ணை எல்லோரும் அவரவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம். ஏன் இப்போதே எழுத வேண்டும்? உச்சிக்கு அருகே போய்விட்டால் "இன்னும் பத்தே நிமிடம்" என்று மனம் கெஞ்சும். குளிர்ந்து களைத்த மூளை சரியாகக் கணக்குப் போடாது. அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் மூளைதான் போடும்.

பிறகு வழிகாட்டி இன்னும் இரண்டு எண்களை எழுதச் சொல்கிறார்: 231, 282. இவை என்னவென்று பிறகு பார்ப்போம்.

ஏறினால் ஏன் குளிர்கிறது?

காலை 7 மணி. நெவிஸ் பள்ளத்தாக்கில் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ். மழை இல்லை. கல் பாவிய பாதையில் ஏறுகிறோம். அரை மணியில் வியர்க்கத் தொடங்குகிறது. வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, மேற்சட்டை ஒன்றைக் கழற்றச் சொல்கிறார். குளிரில் சட்டையைக் கழற்றுவதா? ஆம். உள்ளாடை வியர்வையில் நனைந்துவிட்டால் மேலே போனதும் அதுவே எமனாகிவிடும். பருத்தி நம் வெயிலுக்கு உற்ற துணி. வியர்வையை உறிஞ்சி, மெல்ல ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. அந்தக் குணத்தால்தான் இங்கே அது ஆகாது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி நம் உடலிலிருந்துதான் போகிறது. ஆகவே நாம் அணிந்திருப்பது கம்பளியும் செயற்கை இழையும்.

மலையில் உயரம் கூடக்கூடக் குளிர்வது ஏன்? உயரே போனால் சூரியனுக்கு அருகில் போகிறோமே என்று கேட்கும் குறும்புக்காரர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. காற்றைச் சூரியன் நேரடியாகச் சூடாக்குவது குறைவு. தரை சூடாகி, அதுதான் காற்றைச் சூடாக்குகிறது. அடுத்து, மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றைக் கவனியுங்கள். மேலே அழுத்தம் குறைவு. ஆகவே அந்தக் காற்று விரிவடைகிறது. விரிவதற்கு ஆற்றல் வேண்டும். அதைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மிதிவண்டிச் சக்கரத்திலிருந்து காற்றைத் திறந்துவிடும்போது அது சில்லென்று விரலில் படுகிறதல்லவா? அதே கதைதான். மேகமில்லாத காற்று இப்படி ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்கிறது.

குளிர்ந்துகொண்டே போகும் காற்றால் முன்போல நீராவியைத் தாங்க முடிவதில்லை. ஒரு கட்டத்தில் நீராவி துளிகளாக மாறுகிறது. அந்த உயரத்தில்தான் மேகத்தின் அடிப்பகுதி. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அது மலையை மூடிய மேகம். உள்ளே நடக்கும் நமக்கு மூடுபனி. இரண்டும் ஒன்றே. துளியாகும்போது நீராவி தன் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுவதால், மேகத்துக்குள் குளிர்வது சற்று மந்தப்படுகிறது. இரண்டையும் சேர்த்துச் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். அடிவாரத்தில் 4 டிகிரி என்றால், உச்சியில் சுழியத்துக்குக் கீழே 4 அல்லது 5 டிகிரி.

இங்கே ஒரு சொல் தொல்லை. புல்நுனித் துளியும் நமக்குப் பனிதான், மூடுவதும் பனிதான், இமயமலையில் கிடப்பதும் பனிதான். இக்கட்டுரையில் காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளை மூடுபனி என்றும், தரையில் கிடப்பதை வெண்பனி என்றும் சொல்கிறேன். மலையில் இவை இரண்டும் சேர்ந்துவிட்டால்தான் ஆபத்து.

மணிக்கொரு முறை பார்த்தவர்கள்

570 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு ஏரி. 'பாதிவழிக் குளம்' என்று பெயர். உண்மையில் பாதி உயரம்கூட ஆகவில்லை. மணி 9.15. வெளிச்சம் வந்துவிட்டது. சாம்பல் நிற மேகம் நம் தலைக்கு மேலே கூரை போட்டதுபோல நிற்கிறது. மலையின் மேற்பாதியைக் காணோம்.

நாம் நடக்கும் இந்தப் பாதை மலையேறிகளுக்காகப் போடப்பட்டதன்று. 1883இல் உச்சியில் ஒரு வானிலை ஆய்வு நிலையம் கட்டினார்கள். அதற்குக் குதிரைகளில் பொருள் ஏற்றிச் செல்ல வெட்டிய பாதை இது. அந்த நிலையம் எழுவதற்குக் காரணமானவர்களில் ஒருவர் கிளெமென்ட் ராக். 1881ஆம் ஆண்டுக் கோடையில் அவர் நாள்தோறும் இம்மலையை ஏறி, உச்சியில் அளவுகளைக் குறித்தார். அதே நேரங்களில் அவர் மனைவி கீழே ஃபோர்ட் வில்லியத்தில் அளவெடுத்தார். ஒரு நாள் ஏறி இறங்குவதற்கே நாம் இத்தனை கணக்குப் போடுகிறோம்; மாதக்கணக்கில் தினமும் ஏறினார் என்றால்!

நிலையம் 1904 வரை இயங்கியது. பிறகு பணமில்லாமல் மூடப்பட்டது. அந்த இருபது ஆண்டுகளும் பணியாளர்கள் உச்சியிலேயே தங்கி, இரவும் பகலும் மணிக்கொரு முறை வெளியே வந்து அளவுகளைக் குறித்தார்கள். குளிர்காலத்தில் கதவை வெண்பனி மூடிவிடும். அதற்காகவே ஒரு கோபுரம் கட்டி, அதன் மேல்வழியாக வெளியேறினார்கள். உச்சியில் ஓர் ஆண்டில் சராசரியாக 4350 மில்லிமீட்டர் மழையும் வெண்பனியும் விழுவதும், கீழே ஊரில் அதில் பாதிக்கும் குறைவாகவே விழுவதும் அவர்கள் குறித்த கணக்கால் தெரியவந்தவைதான். 2017ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் சேர்ந்து அந்தப் பழைய ஏடுகளின் எண்களைக் கணினியில் ஏற்றினார்கள். அக்காலத்துப் புயல்களை இன்று மறுபடி ஆராய அவை உதவுகின்றன.

1894 செப்டம்பரில் இந்த நிலையத்துக்கு இரண்டு வாரம் வேலை பார்க்க வந்த ஓர் இளைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி. டி. ஆர். வில்சன் என்பது அவர் பெயர். ஒரு காலைப் பொழுதில் மேகம் உச்சிக்குக் கீழே இறங்கியிருந்தது. முதுகுப் பக்கம் சூரியன். எதிரே மேகத்திரையில் நிழல்கள். நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள். மேகத்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுபவை இவை. துளி சிறிதானால் வளையம் பெரிதாகும். பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் ஒவ்வொருவரும் தம் தலை நிழலைச் சுற்றி மட்டுமே வளையத்தைக் காண்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வளையமில்லை என்று நினைத்துப் பெருமைப்பட இடமுண்டு. அவரும் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பார்.

வில்சன் இக்காட்சியைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க விரும்பினார். கண்ணாடிக் கலத்தில் ஈரக்காற்றை அடைத்து, அதைச் சட்டென விரிவடையச் செய்தார். மலைச்சரிவில் நடப்பதேதான், குடுவைக்குள்! துளி உருவாக ஒரு தூசித் துகள் நடுவே வேண்டும் என்பதை ஜான் எய்ட்கன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் முன்பே காட்டியிருந்தார். வில்சன் தூசியே இல்லாத காற்றை எடுத்துக்கொண்டார். போதிய அளவு விரிவாக்கினால் அதிலும் துளிகள் தோன்றின. மின்னூட்டம் பெற்ற அணுக்களான அயனிகளைப் பற்றிக்கொண்டு அவை உருவாயின. 1911இல், கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று பாயும் வழியெங்கும் மேகக்கோடு விழுவதைப் படம் பிடித்தார். அதுதான் 'முகிற்கலம்'. 1927இல் அவருக்கு நோபல் பரிசு. 1932இல் பாசிட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதும் முகிற்கலத்தில்தான். அணுவின் உட்பொருளை ஆராயும் கருவி ஒன்றுக்கு இந்த ஈர மலையின் மூடுபனி வித்திட்டது. பாடப்புத்தகத்தில் முகிற்கலம் வரும்போது இம்மலையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைச் சுவர்

நாம் ஏறுவோம். ரெட் பர்ன் என்ற ஓடையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. 750 மீட்டரில் மேகத்துக்குள் நுழைகிறோம். முன்னால் போகிறவர் தெரிகிறார். அவருக்கு முன்னால் போகிறவர் நிழலாகத் தெரிகிறார். அதற்கு அப்பால் எதுவுமில்லை. காலடியில் வெண்பனி. பூட்சுகளின் அடியில் 'கிராம்பான்' என்ற இரும்பு முள் சட்டத்தைக் கட்டிக்கொள்கிறோம்.

மூடுபனித் துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவே. ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒளியின் எல்லா நிறங்களையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் மூடுபனி வெண்மையாகத் தெரிகிறது. கீழே வெண்பனி, அதுவும் வெள்ளை. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி சமமாக வருவதால் நிழலும் விழுவதில்லை. மேடு எது, பள்ளம் எது, தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியக் கண்ணுக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. வழிகாட்டி ஓர் உருண்டை வெண்பனியைப் பிடித்து முன்னே எறிகிறார். அது விழுந்து நின்றால் அங்கே தரை இருக்கிறது. காற்றில் மறைந்துவிட்டால்?

"நேராக நடந்தால் போதுமே" என்கிறீர்களா? 2009இல் ஜெர்மனியின் டியூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பெரிய காட்டில் சிலரை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராகவே நடந்தார்கள். வானம் மேகமூட்டமாக இருந்தபோது, நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே வட்டமடித்துத் தாம் வந்த வழியையே குறுக்கிட்டார்கள். கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது சிலர் போட்ட வட்டத்தின் குறுக்களவு 20 மீட்டர்தான். ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருப்பதுதான் காரணம் என்று முன்பு சொல்வார்கள். அது பொருந்தவில்லை, ஒரே ஆள் ஒருமுறை வலப்புறமும் மறுமுறை இடப்புறமும் வளைந்தார். 'நேர்' எது என்று மூளை வைத்திருக்கும் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. வெளியிலிருந்து அதைத் திருத்த ஓர் அடையாளம் வேண்டும்.

அந்த அடையாளம்தான் திசைகாட்டி. இப்போது 231, 282 என்ற எண்களுக்கு வருவோம். பென் நெவிஸின் உச்சி ஒரு மேட்டுச் சமவெளி. ஏறத்தாழ 40 ஹெக்டேர். அதன் வடபுறம் மிக உயர்ந்த பாறைச் செங்குத்து. அதன் விளிம்பில் காற்று வெண்பனியைக் கூரை நீட்டிக்கொண்டிருப்பது போல வெளியே தள்ளிக் கட்டிவைத்திருக்கும். மேலே நிற்பவருக்கு அது தரைபோலவே தோன்றும், அடியில் வெற்றுவெளி. இறங்கும் பாதைக்கு அருகிலேயே கார்டிலூ என்ற பிளவு உள்வாங்கி வருகிறது. அங்கிருந்து ஒதுங்க நேரே தெற்கே ஓடினால், அப்பக்கம் ஐவிரல் பிளவு என்ற இன்னொரு பொறி. ஆகவே உச்சியிலிருந்து முதலில் 231 பாகைத் திசையில் 150 மீட்டர். பிறகு திரும்பி 282 பாகைத் திசை. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று வைத்துப் பாருங்கள். முதலில் தென்மேற்கு, பிறகு மேற்கிலிருந்து சற்றே வடக்காக. அந்த வழி இடுக்கானது.

திசை தெரிந்தால் போதாது. 150 மீட்டர் முடிந்தது எப்படித் தெரியும்? அடியை எண்ண வேண்டும். சமதரையில் 100 மீட்டருக்குத் தம் இடது கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று ஒவ்வொருவரும் முன்பே எண்ணி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 60க்கும் 70க்கும் இடையே வரும். வெண்பனியில் இன்னும் கூடும். உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலில் இதை நாளைக்கே அளந்து பார்க்கலாம்.

திசையில் 5 பாகை பிழைத்தால் 150 மீட்டர் முடிவில் 13 மீட்டர் விலகிவிடுவோம். 500 மீட்டரில் 44 மீட்டர். காந்த ஊசி காட்டும் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல என்பதையும், அந்த வித்தியாசம் ஆண்டுக்காண்டு மாறுகிறது என்பதையும் படித்திருப்பீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே ஊசி பல பாகை மேற்கே விலகி நின்றது. இன்று அந்த விலகல் மிகச் சிறிது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சான திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் செங்குத்தின் பக்கம் போய்விடலாம். இன்னொன்று: கைப்பேசியையும் திசைகாட்டியையும் ஒரே பையில் போடாதீர்கள். கைப்பேசியிலுள்ள காந்தம் ஊசியின் முனைகளையே மாற்றிவிடக்கூடும். கைப்பேசியே வழி காட்டுமே என்றால், செயற்கைக்கோள் அலைகளை மூடுபனி தடுப்பதில்லைதான். ஆனால் குளிரில் மின்கலம் சீக்கிரம் ஓய்ந்துவிடும். அதை உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். அதையே நம்பிக் கிளம்புவது எனக்கு ஒப்புதலில்லை.

நனைந்தவர்களின் கதை

மணி 11.20. உயரமானி 1100 மீட்டர் காட்டுகிறது. உயரமானி என்பது காற்றழுத்தமானியேதான். ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும் என்ற கணக்கில் இயங்குகிறது. பாதிவழிக் குளத்தில் அதைச் சரிசெய்து கொண்டோம். இல்லாவிட்டால், புயல் நெருங்கி அழுத்தம் குறைவதையும் அது நாம் ஏறிய உயரமாகவே கணக்கிட்டுக் காட்டும்.

வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 3. மூடுபனித் துளிகள் இன்னும் திரவமாகவே மிதக்கின்றன. சுழியத்துக்குக் கீழே போனாலும், உறைவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும் வரை அவை உறைவதில்லை. பாறையிலோ பனிக்கோடரியிலோ நம் புருவத்திலோ பட்டதும் உறைந்துவிடுகின்றன. பாறைகளின் மேல் வெண்ணிற இறகுகள் முளைத்திருக்கின்றன. காற்று வீசும் பக்கத்தை நோக்கி அவை நீள்வதைக் கவனியுங்கள். துளிகள் வந்து ஒட்டும் பக்கம் அதுதான். நேற்று எங்கிருந்து காற்றடித்தது என்பதை அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

காற்று மணிக்கு 50 கிலோமீட்டர். நம் தோலுக்கருகில் உடல்சூட்டால் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. காற்றடித்தால் அது கலைந்துபோகிறது. பால் சீல், சார்லஸ் பாசல் என்ற இருவர் 1941இல் அண்டார்க்டிகாவில், காற்று வீசும்போது நீர் எவ்வளவு வேகமாக உறைகிறது என்று அளந்தார்கள். அவ்வகை அளவீடுகளிலிருந்து வளர்ந்து திருத்தப்பட்ட இன்றைய சூத்திரப்படி, சுழியத்துக்குக் கீழே 5 டிகிரியில் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று, காற்றே இல்லாத 15 டிகிரிக் குளிருக்குச் சமமாகத் தோலைத் தாக்கும்.

ஈரமும் சேர்ந்தால்? இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் 1964 மார்ச்சில் 'நான்கு விடுதிகள்' என்ற நெடுநடைப் போட்டி நடந்தது. 240 பேர் கிளம்பினார்கள். மழையும் காற்றும். முடித்தவர்கள் 22 பேர்தான். சாரணர் இயக்க இளைஞர்கள் மூவர் இறந்துபோனார்கள். அந்தக் குன்றுகள் பென் நெவிஸில் பாதி உயரம்கூட இல்லை. 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் உடலியல் ஆய்வாளராகச் சென்ற கிரிஃபித் பியூ இந்த மரணங்களை ஆராய்ந்தார். நனைந்த உடையில் காற்று பட்டால் அது தன் காப்புத் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதைக் காட்டினார். வேகமாக நடக்கும்வரை உடல் வெப்பத்தை உண்டாக்கி ஈடுகட்டும். களைத்து, நடை தளர்ந்ததும் ஈடுகட்ட முடியாமல் போகிறது. உடலின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. முதலில் பாதிக்கப்படுவது அவருடைய சிந்தனைதான். ஆகவே பக்கத்தில் நடப்பவர்தான் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே வந்தவர் மௌனமாகிறாரா? சொல் குழறுகிறதா? கையுறையின் வாரைக் கட்ட முடியாமல் தடுமாறுகிறாரா? சமதரையில் கால் இடறுகிறதா? சிடுசிடுக்கிறாரா?

உங்களுக்கு முன்னால் நடக்கும் நண்பன் கடந்த கால் மணி நேரமாக ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு முறை இடறினான். "என்னடா, முடியவில்லையா?" என்றால், "ஒன்றுமில்லை, போ" என்று எரிந்து விழுகிறான். நீங்கள் குரல் கொடுத்து வரிசையை நிறுத்துகிறீர்கள்.

வழிகாட்டி அவனைப் பாறை மறைவில் உட்கார வைக்கிறார். கையுறைகள் நனைந்திருக்கின்றன. ஈரமான மேலாடையைக் கழற்றி, உலர்ந்த கம்பளிச் சட்டையை மாட்டுகிறார்கள். சூடான இனிப்புத் தேநீர், சாக்லேட். கூடாரத் துணி போன்ற ஒன்றைப் பத்துப் பேர் தலைக்கும் மேலாகப் போர்த்திக்கொண்டு நெருங்கி உட்காருகிறோம். உள்ளே சில நிமிடங்களில் வெதுவெதுப்பு ஏறுகிறது. அவன் நடுங்குகிறான். நடுங்குவது நல்லது, தசைகள் இன்னும் வெப்பம் உண்டாக்குகின்றன. மிகவும் குளிர்ந்த உடலில் நடுக்கம் நின்றுவிடும்.

உச்சிக்கு இன்னும் 245 மீட்டர் ஏற்றம். மணி 11.45. ஒரு வழிகாட்டியோடு இவனை இறக்கிவிட்டு, மற்றவர்கள் இன்னொரு வழிகாட்டியோடு உச்சிக்குப் போய் வந்தால் என்ன?

1971 நவம்பரில், ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம் மலைச் சமவெளியில் எடின்பரோவைச் சேர்ந்த ஒரு பள்ளியின் மாணவர்கள் இரு குழுக்களாகச் சென்றார்கள். பழகியவர்கள் ஒரு குழு, மற்றவர்கள் இன்னொன்று. பனிப்புயல் எழுந்தது. முதல் குழு வழியிலிருந்த சிறு கல்குடிலை அடைந்துவிட்டது. இரண்டாவது குழுவால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திறந்தவெளியில் இரண்டு இரவுகள். பதினைந்து, பதினாறு வயது மாணவர்கள் ஐவரும், பயிற்சியிலிருந்த உதவியாளர் ஒருவரும் இறந்தார்கள். மாணவர்களைக் குளிர்கால மலைக்கு அழைத்துச் செல்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி அதன் பிறகுதான் நாடெங்கும் தீவிரமாக எழுந்தது. அந்தக் குடிலையும் 1975இல் இடித்துவிட்டார்கள். புயலில் அதைத் தேடி அலைவதே ஆபத்து என்று கருதினார்கள்.

குழு பிரிந்ததுதான் அவ்விபத்துக்கு ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் கணக்கு எளியது. பிரிந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் வழி தெரிந்தவர் ஒருவர்தான். அவர் காலை முறித்துக்கொண்டால் அப்பகுதியில் வழி தெரிந்தவர் யாருமில்லை. பத்துப் பேரும் இறங்குகிறோம். ஓரிருவர் முகம் சுளிக்கிறார்கள். அதற்கென்ன செய்வது?

இறக்கம்

231ஐயும் 282ஐயும் இன்று பயன்படுத்தப் போவதில்லை. வளைந்து இறங்கும் பாதையை வெண்பனி மூடியிருக்கிறது. நம் காலடித் தடங்களையும் காற்று பாதி அழித்துவிட்டது. முன்னால் போகும் வழிகாட்டி கண்ணுக்கு மறையும் எல்லை வரை நடந்து நிற்கிறார். பின்னால் நிற்பவர் திசைகாட்டியைப் பார்த்து, "இன்னும் இடப்பக்கம், ஓர் அடி" என்று கத்துகிறார். சரியானதும் மற்றவர்கள் அவரை அடைகிறார்கள். மறுபடியும் அதேபோல. மெதுவான வேலைதான். நண்பன் நடுவில் வருகிறான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லும் தண்டனை. நான்கேழு இருபத்தெட்டில் முதலில் தடுமாறியவன், 900 மீட்டருக்குக் கீழே வந்தபின் கடகடவென்று ஒப்பிக்கிறான்.

உயரமானி 740 காட்டும்போது காலடியில் ஏதோ கருமையாகத் தெரிகிறது. புல். பிறகு ஓடையின் சத்தம். பிறகு ஒரே நொடியில் திரை விலகியது போல, கீழே பள்ளத்தாக்கும் சாலையும் வீடுகளும். மணி 1.15. ரெட் பர்ன் ஓடைக்கரையில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி, விரல் நீட்டி எண்ணுகிறார். பத்து. மிச்சமிருந்த தேநீரை ஊற்றிக் குடித்துவிட்டு, கிராம்பான்களைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு மறுபடி நடக்கிறோம்.